எங்களுடைய இரண்டாவது வீடு

போன வருடம் பனி கரையும் நேரத்தில் எங்களுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று நாங்கள் குடியிருக்கிற மல்வேர்ன் வீடு. மற்றது எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதற்கும் வரி கட்டிக்கொண்டிருந்தோம். மன்னாரில் பிறந்து, கனடாவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயரமான கட்டிடத்தின் ஒற்றை அறைக்குள் குடும்பத்தோடு படுத்து எழும்பியவள் நான். இரண்டு வீட்டுக்காரி என்று சனம் சொன்னபோது, பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு எழுத வாசிக்க வராது. பஸ் ஏறி இறங்கியதில் இலக்கம் மட்டும் பழகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். பேரனுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். மகள் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே உள்ளவர்களைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, அவர்கள் ஏசினால் சிரித்துக்கொண்டு நிற்கிற வேலை. நேர்ஸ்மார் ஊசி போடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பாளாம். “அம்மா, உது எனக்கும் ஏலும்” என்று வந்து சொல்வாள். படிக்கலாம்தானே என்றால், “அடுத்த வருசம் பாப்பம்” என்பாள். அடுத்த வருடம் வரும். கூரை ஒழுகும். அதற்கடுத்த வருடம் கார் படுத்துவிடும். அவள் அடுத்த வருடம் என்று சொல்லத் தொடங்கியபோது எனக்கு முழங்கால் நோவே இல்லை.

கடைசியில் போன வருடம் துணிந்து நேர்சிங் கோர்ஸுக்கு விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் கட்டவேண்டும், கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்தக் காசைச் சேர்த்து பாங்க்கில் விட்டிருந்தாள்.

மருமகன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சைவம். வீடுகளைச் சூடாக்குகிற மெஷின் திருத்துகிறார். நல்ல மனுஷன். என்ன, எதற்கும் ஒரு காரணம் சொல்வார். நான் வைத்த சோறு குழைந்தால், ஏன் குழைந்தது என்று எனக்கே விளக்குவார். நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினால் சிரிப்பார்.

“மாமி, உதாலை புகை வாறதைத் தவிர ஒண்டும் நடக்காது. இது கனடா. இஞ்சை எல்லாம் கணக்கு.”

“அந்தோனியாருக்கும் கணக்குத் தெரியும், தம்பி” என்பேன். மெழுகுதிரி எரிந்து முடியும்வரை ஜன்னலைத் திறந்து வைப்பார். குளிர் காலத்திலும்.

எங்கள் வீடு ஒரு வரிசையில் கடைசி வீடு. வரிசை முழுக்க ஒரே கதவு, ஒரே நிறம், ஒரே மாதிரி முன் படி. நான் இலக்கத்தைப் பார்த்துத்தான் வீட்டைப் பிடிப்பேன். முப்பத்தைந்து. பிறகு ஒருநாள் பார்த்தால் கதவுக்குப் பக்கத்தில் முப்பத்தேழு என்று பித்தளையில் மினுங்குகிறது. “சிற்றிக்காரர் மாத்திப்போட்டினம், மாமி. இஞ்சை உப்பிடித்தான்” என்றார் மருமகன். சிற்றி என்றால் நகரசபை. அவர்களுக்கு எங்களைப் பற்றி இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஒரே சந்தோஷம். பித்தளையைப் பிறகு நான்தான் புளி போட்டு மினுக்கிக்கொண்டு வந்தேன்.

இந்த நாட்டில் வீடு வாங்குகிற விதத்தையும் சொல்லவேண்டும். வீட்டைப் பாங்க் வாங்கும், நாங்கள் குடியிருந்துகொண்டு மாதாமாதம் மோட்கேஜ் என்கிற கடனைக் கட்டுவோம். சிற்றிக்குக் கட்டவேண்டிய வீட்டு வரியையும் அதோடு சேர்த்துப் பாங்க்கே எடுத்துக்கொள்ளும். எடுத்து ஒரு கணக்கில் வைத்திருந்து, சிற்றி கேட்கும்போது கட்டும். சீட்டுக் கட்டுகிற மாதிரித்தான். எடுக்கிற முறை மட்டும் எங்களுக்கு வராது.

நான் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் மகள் போனைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“இஞ்சருங்கோப்பா, பாங்க் இந்த மாசம் ஐந்நூறு டொலருக்கு மேலை கூட இழுத்திருக்கு.”

“வட்டி ஏறியிருக்கும்” என்றார் மருமகன், ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வட்டி இல்லையாம். வரிக்கணக்கிலை காசு காணாதாம். இனி மாசாமாசம் இவ்வளவுதானாம்.”

“அப்ப சிற்றி வரியைக் கூட்டியிருக்கும். காரணம் இல்லாமல் ஒண்டும் நடவாது.”

“இவ்வளவு கூட்ட என்ன காரணம்? எங்கடை வீடு வளந்திட்டுதோ?”

அவர் எழும்பி வந்து பார்த்தார். அவருக்கும் முகம் மாறிவிட்டது. இழுபட்டது முற்பணத்துக்கு வைத்திருந்த காசு. அது போனது ஒரு பக்கம். படிக்கும்போது வார இறுதியில் மட்டும் வேலைக்குப் போவதாகத்தான் மகள் கணக்குப் போட்டிருந்தாள். மாதம் இவ்வளவு கூடினால் அவள் வேலையை விடவே ஏலாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அடுத்த வருசம் பாப்பம்” என்றாள்.

எனக்குக் கணவாய் கையில் இருந்து வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. “அடுத்த வருசம் எண்ட கதையை இந்த வீட்டிலை இனி ஒருத்தரும் கதைக்கக் கூடாது” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மருமகன் உடனே போனை எடுத்தார்.

பாங்க்குக்குப் போன் எடுப்பது ஒரு பொழுதுபோக்கு. முதலில் மெஷின் கதைக்கும். பிறகு பாட்டுப் போடும். மருமகன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசையில் வைத்தார். நல்ல பாட்டு, வயலின். நான் அதைக் கேட்டுக்கொண்டே கணவாயை வெட்டி, தூள் பிரட்டி, கறியை அடுப்பில் ஏற்றிவிட்டேன். இடையிடையே ஒரு பெண் வந்து, எங்களுடைய அழைப்புத் தங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்வாளாம். மகள் விளங்கப்படுத்தினாள். “அவ்வளவு முக்கியமெண்டால் எடுக்கலாமே” என்றேன்.

கறி வற்றுகிற நேரம் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. பாங்க்கில் ஓர் ஆள் போனை எடுத்தான். இரண்டு வீடு தள்ளி இருக்கிற பிள்ளை என்னுடைய இடியப்பத் தட்டுகளைத் திருப்பித் தர வந்தாள். அவள் ஐம்பது தாண்டியவள், ஆனால் எனக்குப் பிள்ளைதான். தங்கமான குணம். காதில் விழுந்த ஒன்றை வயிற்றுக்குள் வைத்திருக்க மட்டும் அவளுக்கு ஏலாது.

பாங்க்காரன் நல்ல மரியாதையான குரலில் என்னவோ சொன்னான். மருமகன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். உங்களுடைய இரண்டு வீட்டுக்கும் வரி எடுப்பதால்தான் இந்தத் தொகை என்று சொன்னானாம்.

“ரெண்டு வீடோ? எனக்கு ஒரு வீடுதான்!” என்று மருமகன் இங்கிலீஷில் கத்தினார்.

இல்லை சேர், இங்கே இரண்டு காட்டுகிறது, போனில் மேலதிகமாகச் சொல்ல முடியாது, பாங்க்குக்கு நேரே வாருங்கள் என்றுவிட்டு அவன் வைத்துவிட்டான்.

இடியப்பத் தட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். “அக்கா, வாயே திறக்கேல்லையே. எப்ப வாங்கினியள்?”

“ஐயோ பிள்ளை, நாங்கள் ஒண்டும் வாங்கேல்லை.”

“ஓம் ஓம். நாவூறு படும்தானே, சொல்லாதையுங்கோ.” தட்டுகளை மேசையில் வைத்தாள். கறி கொஞ்சம் தரட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்று ஓடிவிட்டாள். கணவாய்க் கறியை வேண்டாம் என்கிற ஆள் இல்லை அவள். போய்ச் சொல்ல அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வர, மண்டபத்துக் கூரை வேலைக்குக் காசு சேர்க்கிறவர் எனக்குக் கும்பிட்டுத் தோத்திரம் சொன்னார். அதுவரைக்கும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கலியாணம் பேசுகிற ஒரு மனுஷி என் கையைப் பிடித்துப் பேரனுடைய வயது கேட்டாள். மருமகன் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போன இடத்தில், திருவிழாவில் ஒருநாள் உபயம் செய்யலாமே என்று ஒருவர் தோளில் கை போட்டாராம். மனுஷன் சுண்டலும் வாங்காமல் வந்துவிட்டார்.

எல்லாம் பகிடியாகத்தான் இருந்தது. ஆனால் மகள் சிரிக்கவில்லை. கேள்வி வேறு பக்கத்தால் வரத் தொடங்கியிருந்தது. சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள்:

“உங்களுக்கு வேறை எங்கையும் வீடு இருக்கோ?”

“உமக்கென்ன விசரே?”

“சனம் கேக்குது. அந்த வீட்டிலை ஆர் இருக்கினமாம் எண்டு கேக்குது.”

“ஆரும் இல்லை! வீடே இல்லை!”

“வீடில்லாமலே வரி கட்டுறம்?”

“என்ரை பேருள்ள வேறை ஆளோடை மாறியிருக்கும். கொம்பியூட்டர் பிழை.”

“கொம்பியூட்டர் பிழை விடாது, இஞ்சை எல்லாம் கணக்கு எண்டு அம்மாவுக்குச் சொல்லுறது நீங்கள்தானே.”

நான் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டு வைத்தேன். அவரில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்னொரு வீட்டை வைத்துப் பார்க்க வேண்டுமானால் ஞாபகசக்தி வேண்டும். அவர் கார்த் திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தேடுகிறவர்.

பாங்க்கில், முற்பணம் கட்டவேண்டிய அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில்தான் நேரம் கிடைத்தது. நானும் வெளிக்கிட்டேன். நீங்கள் எதற்கு என்று மகள் கேட்டாள். எனக்குப் பாங்க் என்றால் விருப்பம். சுழல்கிற கதிரை, கிண்ணத்தில் இனிப்பு, யாரும் சத்தம் போடாத குளிர்ந்த அறை. வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பக்கத்தில் முதல் கணக்குத் திறக்கப் போனேன். கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவை போட்டேன். அங்கிருந்த வெள்ளைக்காரப் பிள்ளை அதை இடம் காட்டுகிற குறி என்று நினைத்து, ஓம், அந்த அடையாளத்துக்குப் பக்கத்தில்தான் கையெழுத்து வைக்கவேண்டும், வையுங்கள் என்று பேனையைத் திருப்பித் தந்தாள். நான் இன்னொரு சிலுவை போட்டேன். அவள் இன்னொரு கடதாசி எடுத்து வந்தாள். அந்தக் காலத்தில் மகள் சின்னப் பெண், வெட்கத்தில் என் சீலைக்குப் பின்னால் ஒளிந்துவிட்டாள். இந்த முறை அவள் கதவைத் திறந்துபிடிக்க, கோயிலுக்குக் கட்டுகிற சீலையோடு நான் முதலில் உள்ளே போனேன்.

எங்களுக்கு வாய்த்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. இங்கே பிறந்தவள், கெட்டிக்காரி, தமிழ் கொஞ்சம் நடந்து நடந்து வரும்.

“ஸொறி அங்கிள், சிஸ்ரத்திலை ரெண்டு ப்றொப்பேட்டீஸ் காட்டுது. நீங்களே பாருங்கோ” என்று திரையைத் திருப்பினாள். “ஒண்டு தேட்டி ஃபைவ். மற்றது தேட்டி செவன். சேம் ஸ்றீற்.”

மகள் முன்னால் குனிந்தாள். “தங்கச்சி, முப்பத்தேழு எங்கடை வீடு.”

“ஓகே. அப்ப முப்பத்தைஞ்சு ஆற்றை?”

“அதுவும் எங்கடை வீடுதான்.”

“அப்ப ரெண்டு வீடு.”

“இல்லை, ஒரு வீடு. முந்தி முப்பத்தைஞ்சு, இப்ப முப்பத்தேழு. சிற்றி நம்பரை மாத்தினது.”

பிள்ளைக்கு விளங்கிவிட்டது. முகம் மலர்ந்தது. புது இலக்கத்தை அறிவித்தபோது பாங்க்கில் யாரோ பழையதைத் திருத்தாமல், புதியதை இன்னொரு வீடாகச் சேர்த்துவிட்டார்கள். இருந்த வீடு அப்படியே இருக்க, பக்கத்தில் ஒரு வீடு முளைத்துவிட்டது. அதற்கும் வரி எடுத்து, காணாத மிச்சத்தையும் எங்கள் தலையில் போட்டிருக்கிறார்கள்.

“ஈஸி. நான் நோட் போடுறன்” என்று தட்டத் தொடங்கினாள். “ஸ்றீற் முழுக்க நம்பர் மாத்தினவையோ அங்கிள்?”

மருமகன் இனிப்புக் கிண்ணத்தைப் பார்த்தார். “முழுக்க எண்டு சொல்லேலாது.”

“அரைவாசியோ?”

“அரைவாசியும் இல்லை.”

“பக்கத்து வீடு இப்பவும் முப்பத்துமூண்டுதான்” என்றாள் மகள். மெதுவாகத்தான் சொன்னாள். அவள் மெதுவாகக் கதைத்தால் நான் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வேன்.

“அப்ப உங்கடை வீட்டை மட்டும் ஏன் மாத்தினவை?” பிள்ளை ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டாள்.

“அது… நாங்கள் கேட்டு மாத்தினது.”

“நாங்களோ?” என்றாள் மகள்.

“நான்.”

“ஏன்?”

மருமகன் தொண்டையைச் செருமினார். “மூண்டும் அஞ்சும் எட்டு.”

“ஓம் அங்கிள், எட்டு” என்றாள் பிள்ளை. கூட்டல் சரி என்று நினைத்துச் சொன்னாள்.

“எட்டு எண்டால் சனி, பிள்ளை. அந்த வீட்டுக்கு வந்த நாள் துவக்கம் ஒண்டு மாறி ஒண்டு. கூரை ஒழுகினது. கார் படுத்தது. ரேடியோவிலை எண்சாத்திரம் சொல்லுற ஒருத்தரைக் கேட்டனான். கடைசி வீடுதானே, அடுத்த நம்பர் ஒருத்தரும் பாவிக்காமல் கிடக்குது, எடுங்கோ எண்டார். மூண்டும் ஏழும் பத்து. பத்து எண்டால் ஒண்டு. ஒண்டு எண்டால் சூரியன்.”

பாங்க்குப் பிள்ளை தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“சிற்றிக்கு இதுக்குக் காசு கட்டினியளோ?” என்றாள் மகள்.

“கொஞ்சம்.”

“ரேடியோக்காரருக்கு?”

“அவருக்கும் கொஞ்சம்.”

என்னால் அடக்க முடியவில்லை. “என்ரை மெழுகுதிரி ஒரு டொலர், தம்பி” என்றேன்.

மகள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு!

பிள்ளை பாவம், வேலையில் கவனமாக இருந்தாள். “சிஸ்ரம் றீசன் கேக்குது அங்கிள். நம்பர் ஏன் சேஞ்ச் பண்ணினது எண்டு. என்ன போட?”

“பேர்சனல் எண்டு போடுங்கோ.”

“லிஸ்ற்றிலை பேர்சனல் இல்லை.”

“என்ன இருக்கு?”

“மாரியேஜ், டிவோர்ஸ், டெத், அதர்.”

“இப்போதைக்கு அதர் எண்டு போடுங்கோ, தங்கச்சி” என்றாள் மகள். “டிவோர்ஸைப் பிறகு பாப்பம்.”

இதுவரை எடுத்த காசு முழுக்கத் திரும்பி வரச் சில வாரம் செல்லும் என்று பிள்ளை சொன்னாள். மகளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. முற்பணம் கட்ட அன்றைக்குத்தான் கடைசி நாள். அவள் அதைச் சொன்னாள். கோர்ஸ், வயோதிபர் இல்லம், இத்தனை வருடம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். பிள்ளை எழும்பினாள். “இந்த மாசம் கூட எடுத்ததை மட்டும் இண்டைக்கே திருப்பலாம், அன்ரி. மனேஜர் ஓகே சொல்லவேணும்.”

மனேஜர் ஒரு சீனாக்காரர், மருமகனுடைய வயதுக்காரர் மாதிரி, கண்ணாடி நெற்றியில். பிள்ளை இங்கிலீஷில் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டார். எண்சாத்திரம் வந்த இடத்தில் இவர் சிரிக்கப்போகிறார் என்று மருமகன் கூனிக்குறுகி இருந்தார். மனேஜர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, கதிரையை மருமகனுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். தங்களுக்கு நாலுதான் கூடாதாம். தன் மாமியாருக்காகத் தானும் ஒரு நாலை மாற்றினாராம். ஆனால் எட்டு! எட்டைப்போல ஒரு இலக்கம் கிடைக்க அவருடைய சொந்தக்காரர் கூடுதல் காசு கொடுத்து வீடு வாங்குவார்களாம். நல்ல எட்டைக் கொடுத்துவிட்டு ஏன் ஒன்றுக்குப் போனீர்கள் என்று கவலைப்பட்டார்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இலக்கம் கதைத்தார்கள். மருமகனுக்குக் கூன் நிமிர்ந்துவிட்டது. மகள் மேசையில் விரலால் தட்டினாள். மனேஜர் உடனே ஒரு பொத்தானை அமர்த்தி, ஓகே என்றார்.

காசு வந்தது. பிள்ளை திரையில் காட்டினாள். மகள் முற்பணம் கட்டப் போனை எடுத்தாள். மருமகன் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தரை தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். ஊரில் அயலெல்லாம் சைவம், அது எனக்கும் தெரியும்.

“இஞ்சரும்…”

“என்ன?”

“பின்னேரம் வரைக்கும் நேரம் இருக்குத்தானே. வீட்டை போய் ஆறுதலா, ஒரு பன்னிரண்டு கழியக் கட்டினால் என்ன?”

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பாங்க்குப் பிள்ளையும் பார்த்தாள்.

“இல்லை, கட்டும், கட்டும்” என்றார்.

அவள் பொத்தானை அமர்த்தினாள். போன் டிங் என்றது. அவ்வளவுதான். இத்தனை வருடக் காரியம் ஒரு டிங்.

வெளியே வந்ததும் ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று மருமகன் சொன்னார். அவர் கோப்பியை மருந்து குடிக்கிற மாதிரி ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். மகள் போனில் புத்தகங்களின் பட்டியலை வாசித்து வாசித்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். பன்னிரண்டு கழிந்த பிறகுதான் அவர் காரை எடுத்தார்.

செப்டெம்பரில் அவள் படிக்கப் போகத் தொடங்கினாள். இப்போது பின்னேரங்களில் மருமகன் வேலையால் வந்ததும் சோபாவில் கையை நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும். அவள் பட்டியைக் கட்டிக் காற்றடித்து அவருக்குப் பிறஷர் பார்ப்பாள். பழகவேண்டுமாம்.

“அசையாதையுங்கோ. கதைக்கவும் கூடாது. கதைச்சால் பிழையாக் காட்டும்.”

அவர் கதைக்காமல் இருக்கிறார். எனக்கு அதைப் பார்க்க நல்ல விருப்பம். தேத்தண்ணியை மெதுவாகத்தான் ஊற்றுவேன்.